வாவியில் எழும் குரல்

கடல் தன் ஆழத்து விந்தைகளைச் சில வேளைகளிற் கரையில் எறிந்துவிடுகிறது. சில வேளைகளில் வலையில் தருகிறது. 1938ஆம் ஆண்டு டிசெம்பரில் தென்னாபிரிக்கக் கரையோரத்தில் அகப்பட்ட சீலகாந்து என்னும் மீன், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போனதென அறிஞர் எண்ணியிருந்த குலத்தைச் சேர்ந்தது. அதற்கு உடல் இருந்தது. அளந்தார்கள், பாடஞ்செய்தார்கள், பெயரும் இட்டார்கள். மட்டக்களப்பு வாவியின் விந்தையோ உடலைக் காட்டவில்லை. அது தருவது குரல் ஒன்றே.

அக்குரலை விரிவாக எழுதிவைத்தவர், அந்நாளில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த அவர், கோட்டை வாயிலுக்கு எதிரே நீரின் அடியிலிருந்து இன்னிசை எழுகிறதென்று கேள்வியுற்று வலைஞரை அழைத்து விசாரித்தார். தந்தையர் காலத்திலிருந்தே தாம் அறிந்ததென்றும், வறட்சிக் காலத்திற் கேட்குமென்றும், மழையால் வாவி பெருகியபின் கேளாதென்றும் அவர்கள் கூறினர். நிலவு எழுந்ததும் அவர்களுடனே தோணி ஏறினார். துறையிலிருந்து சுமார் 200 யார் தூரம் சென்றதும் ஒலி தெளிவாகக் கேட்டது. ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம் போன்றது அது. ஒரே சுரமன்று, மெல்லியதும் கனத்ததுமான பல சிற்றொலிகளின் கலவை. தோணியின் பலகையிற் செவியை வைத்தபோது இன்னும் ஓங்கிக் கேட்டது.

இனித்தான் நேயர்கள் கவனிக்கவேண்டிய செய்தி வருகிறது. தோணி நகர்ந்தபோது ஒலி மறைந்தது. பழைய இடத்துக்கு மீண்டதும் திரும்பக் கேட்டது. ஆகவே, ஒலிப்பது ஓடித்திரியும் உயிரன்று, ஓரிடத்தில் தங்கியிருப்பது என்று ரெனன்ற் கருதினார். வலைஞர் சொன்னதும் அதுவே: பாடுவது மீனன்று, ஊரி. உயிருள்ள சில ஊரிகளைக் கொணர்ந்தும் காட்டினர். அவர்கள் வழங்கிய பெயரை ரெனன்ற் ஆங்கில எழுத்திற் குறித்தபோது அது பெரிதும் சிதைந்துவிட்டது. எனினும் ‘ஊரி’ என்ற முதற்சொல் பிழைத்திருக்கிறது. அழும் ஊரி என்பது அவர் தரும் பொருள். ‘பாடும்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘அழும்’ என்றனர் போலும்!

1859இல் ரெனன்றின் நூல் வெளிவந்தது. ஆயினும் ஊர் ஊரியை ஏற்கவில்லை. மட்டக்களப்பு மீன்பாடும் தேன்நாடாகவே நின்றது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியான யாழ் நூலில் அவ்வொலியை நீரரமகளிரின் இசையாக்கினார். மீனுக்கும் வழக்கில்லாமல் இல்லை. காற்றுப்பையைத் தசைகளால் அதிரச்செய்து ஒலியெழுப்பும் மீன்கள் பல உண்டு. கத்தாளை இனம் அத்தகையது. ஆனால் வாவியின் அடியில் ஒலிப்பது இதுதான் என்று எவரும் ஐயமறக் காட்டியதில்லை.

துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் செவி வைத்துக் கேட்பது அவ்வூர் வழக்கம். கல்லடிப் பாலத்தின் அருகே முழுநிலவு இரவுகளில் இன்றும் அவ்வாறு கேட்போர் உண்டு. வண்டிகளின் இரைச்சல் அடங்கும்வரை அவர்கள் காத்திருக்கவேண்டும். ஊரியைக் கொணர்ந்து காட்டிய அவ்வலைஞரின் பெயர்களை ரெனன்ற் எழுதவில்லை.