அணுவின் கதை: கார்ல்ஸ்ரூவில் கடைசி நாள்

போன வாரம் கார்ல்ஸ்ரூ சட்டசபை மண்டபத்தில், வாக்குவாதம் சூடு பிடித்த நேரம் பார்த்து, உங்களை அப்படியே உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏழு நாள் பொறுத்திருந்தீர்கள். வாருங்கள், மறுபடி உள்ளே போவோம்.

1860 செப்டம்பர் 5. மாநாட்டின் மூன்றாம் நாள். கடைசி நாளும் அதுதான்.

தலைமை நாற்காலியில் பாரிஸிலிருந்து வந்த தூமா. எதிரே ஐரோப்பாவின் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள். கூட்டத்தைக் கூட்டிய கெக்குலே இருக்கிறார். புன்சன் இருக்கிறார். பின்னாளில் இசைமேதையாக உலகம் கொண்டாடப்போகும் போரடின்கூட ரஷ்யக் குழுவோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் தொழில் வேதியியல்தான்!

இத்தனை பேர் கூடி இரண்டு நாள் பேசியாயிற்று. ஆனால் தண்ணீரின் வாய்பாடு என்ன என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

ஆமாம், தண்ணீர்தான். இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'எச்-டூ-ஓ' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அன்று அந்த மண்டபத்தில் பாதிப் பேர் 'எச்-ஓ' கட்சி. ஒரு ஹைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான் என்பது டால்டன் காலத்துக் கணக்கு.

தண்ணீரில் ஒரு கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன். இதில் யாருக்கும் சண்டை இல்லை. தராசு சொன்ன கணக்கு அது. ஆனால் 'எச்-ஓ' என்றால் ஆக்சிஜன் அணுவின் எடை 8. 'எச்-டூ-ஓ' என்றால் 16. கார்பனுக்கும் இதே தலைவலி: 6-ஆ, 12-ஆ? ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வினிகரில் புளிக்கிற அந்த அசிட்டிக் அமிலத்துக்கு அப்போது புழக்கத்தில் இருந்த வாய்பாடுகளைக் கெக்குலே தன் பாடநூலில் வரிசையாக அச்சிட்டுக் காட்டினார்.

மொத்தம் 19!

ஒரே அமிலம், 19 வாய்பாடு. மாணவன் எதைப் படிப்பான்?

தூமா இப்போது ஒரு சமரசம் சொல்கிறார். கனிம வேதியியலுக்குப் பழைய எடைகளே இருக்கட்டும். கரிம வேதியியலுக்குப் புதிய எடைகளை வைத்துக்கொள்வோம்.

கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு ஒரு புத்தகத்தில் ஓர் எடை, பக்கத்துப் புத்தகத்தில் வேறோர் எடையா?

தூமாவை வெறும் வயதான பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சூடுபட்டவர். இளவயதில் தனிமங்களை ஆவியாக்கி, ஆவியின் அடர்த்தியை அளந்து, அதிலிருந்து அணு எடையைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டார். எதிர்பார்த்த எடை வரவே இல்லை. பாதரசம் பாதி காட்டியது. பாஸ்பரஸ் இரு மடங்கு. கந்தகம் மூன்று மடங்கு. மனிதர் வெறுத்துப்போனார். என் கையில் அதிகாரம் இருந்தால் அணு என்ற சொல்லையே அறிவியலிலிருந்து அழித்துவிடுவேன் என்கிற அளவுக்குப் போனார். அப்படிப்பட்டவருக்குச் சமரசம்தான் பாதுகாப்பான வழி.

அப்போதுதான் ஒருவர் எழுந்தார்.

ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோ. வயது 34. சொந்த ஊர் சிசிலியின் பலெர்மோ. 1848 புரட்சியில் பீரங்கிப் படை அதிகாரியாக நின்றவர். புரட்சி தோற்றதும் கப்பலேறி பிரான்சுக்குத் தப்பியவர். இந்த ஆண்டு கோடையில்தான் புரட்சித் தளபதி கரிபால்டி சிசிலியில் இறங்கி ஊரையே புரட்டிப்போட்டிருக்கிறார். தாய்மண்ணில் போர் நடக்க, இவர் ஜெர்மன் நகரமொன்றில் அணு எடைக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்!

ஏன் இந்த வேகம்? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மண்டபத்தில் பலரும் கண்டுபிடிப்பாளர்களாகப் பேசினார்கள். கன்னிசாரோ வாத்தியாராகப் பேசினார். ஜெனோவாவில் வகுப்பறைக்குள் நுழைந்தால் எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 'சிலர் 6 என்பர், சிலர் 12 என்பர்' என்று எத்தனை நாள் ஒப்பேற்றுவது? குழப்பத்தைத் தானே தீர்த்துக்கொண்டால்தான் பாடம் நடத்த முடியும்.

அவர் பிடித்துக்கொண்டது ஒரு பழைய கயிறு. அவகாட்ரோவின் கயிறு.

2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால் 3 லிட்டர் நீராவி வரவேண்டும் என்றுதானே தோன்றும்? வருவது 2 லிட்டர்தான். ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், சம அளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார் அவகாட்ரோ. அப்படியானால் ஒரு லிட்டரில் இருந்த ஆக்சிஜன், இரண்டு லிட்டர் நீராவியின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பங்கு கொடுத்திருக்கிறது. எப்படி முடியும்? ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறும் இரண்டாகப் பிரிந்திருந்தால் முடியும். அதாவது, ஆக்சிஜன் தனியாக இல்லை. ஜோடியாக இருக்கிறது!

1811-ல் சொன்னது. யார் கேட்டார்கள்? ஒரே மாதிரி மின்தன்மை கொண்ட இரண்டு அணுக்கள் எப்படி ஒட்டும், ஒன்றையொன்று தள்ளாதா என்பது அன்றைய பெரியவர் பெர்சீலியஸின் கொள்கை. பேச்சு அத்தோடு அடங்கியது. தன் கருத்து ஏற்கப்படுவதைப் பார்க்காமலேயே 1856-ல் அவகாட்ரோ கண்ணை மூடினார். இந்த மாநாடு இன்னும் சில ஆண்டு முன்னால் நடந்திருக்கக் கூடாதா!

கன்னிசாரோ செய்தது என்ன? கார்பன் உள்ள வாயுக்களையும் ஆவிகளையும் வரிசையாக எடுத்தார். ஹைட்ரஜன் மூலக்கூறை 2 என்று வைத்துக்கொண்டு, ஆவியடர்த்தியிலிருந்து ஒவ்வொன்றின் மூலக்கூறு எடையைக் கணக்கிட்டார். அதில் கார்பன் எவ்வளவு என்று பார்த்தார். நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீத்தேன் 16. அதில் கார்பன் 12. கார்பன் மோனாக்சைடு 28. கார்பன் 12. கார்பன் டை ஆக்சைடு 44. கார்பன் 12. எத்திலீன் 28. கார்பன் 24. ஆல்கஹால் 46. கார்பன் 24. ஈதர் 74. கார்பன் 48.

12, 24, 48. எல்லாம் 12-இன் மடங்கு. 6 எங்கே? 18 எங்கே? ஒன்றில்கூட இல்லை. கார்பன் அணுவின் எடை 6 என்றால், ஏதாவது ஒரு சேர்மத்திலாவது அது தலைகாட்டியிருக்க வேண்டாமா?

கார்பன் 12. ஆக்சிஜன் 16. தண்ணீர் 'எச்-டூ-ஓ'. தீர்ந்தது வழக்கு.

தூமாவை விரட்டிய பாதரசப் பேய்க்கும் இவரிடம் மருந்து இருந்தது. எல்லாத் தனிமமும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாதரச ஆவியில் ஒவ்வொரு அணுவும் தனித்தனி. பாஸ்பரஸில் நான்கு நான்காக. தூமா அன்று அளந்ததில் பிழையில்லை. இந்த ஒரு படியைத்தான் அவர் ஏறவில்லை.

ஒரே வேதியியல், ஒரே எடை என்று கன்னிசாரோ ஆவேசமாகப் பேசி முடித்தார்.

அடுத்து? வாக்கெடுப்பா?

இல்லை. அறிவியல் கேள்விக்குக் கை தூக்கி முடிவு காண்பது முறையல்ல, அவரவர் வழியில் போகட்டும் என்ற குரல்தான் நின்றது. கூட்டம் பெரும்பாலும் கன்னிசாரோ பக்கம் சாய்ந்ததாகப் பார்த்தவர் ஒருவர் ஊருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் தீர்மானம் கிடையாது. மாநாடு கலைந்தது.

மூன்று நாள் உழைப்பும் வீணா?

அங்கேதான் ஏஞ்சலோ பவேசி வருகிறார். பவியா நகரத்துக்காரர், கன்னிசாரோவின் நண்பர். கலைந்து போகிறவர்களுக்குக் கன்னிசாரோவின் சார்பில் ஒரு சிறு வெளியீட்டைக் கொடுக்கிறார். பார்வைக்குச் சாதாரணமானது. இரண்டு ஆண்டு முன்பு கன்னிசாரோ ஒரு பேராசிரியருக்குக் கடித வடிவில் எழுதியது. உள்ளே இருப்பது என்ன தெரியுமா?

ஜெனோவாவில் தன் மாணவர்களுக்கு அவர் நடத்திய பாடத்தின் சுருக்கம்!

மேதைகளை மூன்று நாள் முட்டிமோத வைத்த கேள்விக்கு விடை, வகுப்பறைக் குறிப்பில் இருந்தது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

வாங்கியவர்களில் லோதர் மேயர் ஒருவர். வயது 30. ஊருக்குப் போகும் வழியில் படிக்கலாம் என்று பைக்குள் வைத்தார். படித்தார். மறுபடி படித்தார். கண்ணை மறைத்திருந்த திரை விலகியதுபோல் இருந்தது, சந்தேகமெல்லாம் ஒழிந்து மனத்தில் அமைதியான உறுதி வந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

மண்டபத்தில் இருந்த இன்னொரு இளைஞருக்கு வயது 26. ஹைடல்பர்க்கில் தங்கி ஆராய்ச்சி செய்துவந்த ரஷ்யர். சற்று முன் சொன்னேனே, ஊருக்குக் கடிதம் எழுதியவர் என்று, அவர் இவர்தான்.

திமீத்ரி மெண்டலீவ்.

அதுவரை தனிமங்களை எடைப்படி வரிசையாக நிறுத்துவது வீண்வேலை. ஆக்சிஜன் 8-ஆ 16-ஆ என்றே தெரியாதபோது யாரை முன்னால் நிறுத்துவது, யாரைப் பின்னால் நிறுத்துவது? இப்போது எடைகள் கைக்கு வந்துவிட்டன. ஏறக்குறைய 60 தனிமங்கள் வரிசைக்குக் காத்து நிற்கின்றன. ஒரே மண்டபத்திலிருந்து கிளம்பிய இரண்டு பேர், இரண்டு ஊர்களில், ஒரே புதிரை அவிழ்க்கப் போகிறார்கள்.

முந்திக்கொண்டவர் மேயர். 1864-ல் 28 தனிமங்களை எடை வரிசையில் குடும்பம் குடும்பமாக அடுக்கி அச்சிலேயே கொண்டுவந்துவிட்டார். அப்போது மெண்டலீவிடம் அட்டவணை என்று ஒன்றுமே இல்லை.

பிறகு எப்படி உங்கள் பள்ளிச் சுவரில் தொங்கும் அந்த அட்டவணையைப் பார்த்தால் மெண்டலீவ் பெயர் நினைவுக்கு வருகிறது? முன்னால் ஓடிய மேயரை அவர் எந்த இடத்தில் பிடித்தார்?

(தொடரும்)