நெட்டுருவும் நிலைத்த கல்வியும்

பரீட்சைக் காலம் நெருங்கினால் கல்லூரி விடுதிகளில் நள்ளிரவு கடந்தும் விளக்குகள் எரிவதைக் காண்கிறோம். மாணவர் ஒருவர் ஒரே பக்கத்தை ஐந்தாறு முறை படிக்கிறார். முக்கியமான வரிகளின் கீழே கோடிடுகிறார். எல்லாம் தெரிந்துவிட்டது என்ற மன நிறைவோடு விடியற்காலையில் சற்றே கண் அயர்கிறார். ஆயின், வினாத்தாளைக் கையில் வாங்கியதும் படித்தவை கலைந்து மறைகின்றன. “என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்” என்று தம்மையே நொந்துகொள்கிறார். குறை அவருடைய மூளையிலா, படித்த முறையிலா? இவ்வினாவுக்கு விடை காண, நம் நாட்டில் பரீட்சை வந்த வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் நலம்.

பரீட்சை நமக்குப் புதியதன்று. 7-ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் தங்கிக் கற்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்குச் சேர விரும்பி வந்தோரை வாயிலிலேயே வினாக்கள் கேட்டுச் சோதித்தனர் என்றும், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் விடை கூற இயலாது திரும்பினர் என்றும் எழுதி வைத்துள்ளார். அச்சோதனை வாய்மொழியாக நிகழ்ந்தது. கேட்பவரும் விடை சொல்பவரும் நேருக்கு நேர் நின்றனர். கற்றதைத் தன் சொல்லில் எடுத்துரைக்க மாட்டாதவன் அங்கு நிற்க முடியாது.

மனப்பாடமும் பழமையானதே. வேதம் ஓதுவோர் பதம், கிரமம், சடை, கனம் எனப் பலவாறு சொற்களைச் சேர்த்தும் மாற்றியும் ஓதிப் பழகினர். சுவடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தல் அவர்கள் வழியன்று. வாய்விட்டுச் சொல்லுதலும், ஆசான் கேட்டுப் பிழை திருத்துதலும், மறுநாள் மீண்டும் சொல்லுதலுமே அவர்கள் வழி.

தமிழில், 13-ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாடம் கேட்கும் முறையை ஒரு கணக்குப் போலவே வகுத்துள்ளது. ஆசிரியர் கூறியதை நன்கு ஏற்றுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன் கற்பவரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. கேட்டதைவிடச் சொன்னதே மிகுதியும் மனத்தில் நிற்கும் என்பதை அந்நூல் தெளிவாக உணர்ந்திருந்தது.

இந்நிலை மாறத் தொடங்கியது 1857-இல். அவ்வாண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றிப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. தொடக்கத்தில் அவை கற்பிக்கும் நிலையங்கள் அல்ல. பரீட்சை நடத்திப் பட்டமளிக்கும் நிலையங்களே. கற்பிப்பது கல்லூரிகளின் பணி. வினா விடுப்பது பல்கலைக்கழகத்தின் பணி. வினா எழுதுபவர் மாணவரை அறியார். மாணவரும் அவரை அறியார்.

இதில் ஒரு பெருநன்மை இருந்ததை மறுத்தல் தகாது. விடைத்தாளில் குலமும் செல்வமும் எழுதப்படுவதில்லை. எளிய குடும்பத்துப் பிள்ளையும் தன் திறத்தால் மேலே வர ஒரு வழி திறந்தது. கடுமையும் குறைவாக இல்லை. 1858-இல் கல்கத்தாவில் நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர் இருவரே. அவர்களுள் ஒருவர், பின்னாளில் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். மற்றவர் யதுநாத் போஸ். அவ்விருவரும் ஆறு பாடங்களுள் ஐந்தில் நன்கு தேறி, ஒன்றில் சில மதிப்பெண்கள் குறைந்தமையால், சலுகை மதிப்பெண் அளித்தே பட்டம் பெறச் செய்யப்பட்டனர்.

எனினும், பட்டம் அரசாங்க உத்தியோகத்துக்கு வாயிலானபோது, பரீட்சையைக் கடத்தலே கல்வியின் நோக்கம் என்ற எண்ணம் வேரூன்றியது. மூல நூலின் இடத்தைக் குறிப்புரைகளும் வினா விடைச் சுருக்கங்களும் பற்றிக்கொண்டன. ஆண்டு முழுதும் கேட்டதை இறுதி மாதத்தில் நெட்டுருப் போடுதல் வழக்கமாயிற்று. 1902-இல் கர்சன் பிரபு அமைத்த பல்கலைக்கழகக் குழு, கற்பித்தலுக்குப் பரீட்சை அடங்கியிராமல், பரீட்சைக்குக் கற்பித்தல் அடங்கிக் கிடப்பதே இந்நாட்டு உயர்கல்வியின் மிகப் பெரிய தீங்கு என்று கூறியது. நாடு விடுதலை பெற்றபின், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழுவும் 1949-இல், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் கூறுக எனின் அது பரீட்சைச் சீர்திருத்தமே என்று அறிவித்தது.

முறை இவ்வாறு இருந்தும், தம் வழியை மாற்றிக்கொள்ளாதவர் சிலர் இருந்தனர். காந்தியடிகளின் மாணவப் பருவம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1888-இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்ற அவர், அங்கு மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கும் படிக்கலானார். நிமிடக் கணக்காக நேரத்தை வகுத்துக்கொண்டு உழைத்தும், முதல் முறை இலத்தீன் பாடத்தில் தவறினார். மனம் தளராமல், செலவையும் வாழ்க்கை முறையையும் எளிமையாக்கி மீண்டும் படித்துத் தேறினார்.

சட்டப் பரீட்சையோ அவ்வளவு கடினமானதன்று. ரோமானியச் சட்டத்துக்கு இரண்டு வாரமும் ஆங்கிலேயச் சட்டத்துக்கு இரண்டு மூன்று மாதமும் குறிப்புகளைப் புரட்டியே பலர் தேறினர் எனத் தம் சுயசரிதையில் அவரே எழுதுகிறார். பாடநூல்களைப் படியாமல் விடுவது ஒருவகை மோசடி என்று அவருக்குத் தோன்றியது. பணம் செலவிட்டு நூல்களை வாங்கினார். ரோமானியச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே படித்தார். ஆங்கிலேயச் சட்ட நூல்களைப் படித்து முடிக்க ஒன்பது மாதம் உழைத்தார். 1891 ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். குறிப்புகளைப் படித்தவரும் அதே பட்டத்தைப் பெற்றனர். அன்று வேறுபாடு புலப்படவில்லை. ஆயின், ரோமானிய டச்சுச் சட்டம் வழங்கிய தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக அவர் நின்றபோது, அன்று படித்த இலத்தீன் நூல் அவருக்குக் கைகொடுத்தது.

இனி, அண்மைக் காலத்து ஆராய்ச்சி கூறுவதைக் காண்போம். 1885-இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோகிறது என்பதைத் தம்மையே சோதித்துக் காட்டினார். இடைவெளி விட்டுப் பயின்றால் குறைந்த உழைப்பிலேயே பாடம் நிலைக்கும் என்பதும் அவர் கண்டதே. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலார் கல்லூரி மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். ஒரு சாரார் ஒரு பகுதியை மீண்டும் படித்தனர். மறு சாரார் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதியவர் நன்கு முந்திவிட்டனர். விடுதி மாணவர் ஏன் ஏமாந்தார் என்பது இப்போது விளங்குகிறது. பக்கம் கண்ணுக்குப் பழகியதை, பாடம் மனத்தில் பதிந்ததாக அவர் எண்ணிக்கொண்டார்.

இன்று பல பல்கலைக்கழகங்களில் ஆண்டிறுதிப் பரீட்சைக்குப் பதிலாக அரையாண்டுப் பருவமுறையும் அகமதிப்பீடும் வந்துள்ளன. ஆனால் பரீட்சை முறை மாறும்வரை மாணவர் காத்திருக்கத் தேவையில்லை. அன்றன்று கேட்ட பாடத்தை அன்றே நூலை மூடிவைத்துத் தம் சொல்லில் எழுதிப் பார்க்கலாம். விட்டுப்போனதை மட்டும் நூலைத் திறந்து சரிபார்க்கலாம். சில நாள் கழித்தும், பின்னர் சில வாரம் கழித்தும் அதையே மீண்டும் செய்யலாம். வாரம் ஒருமுறை நண்பர் ஒருவருக்குப் பாடம் சொல்லலாம். அவர் வினவும்போது தடுமாறும் இடமே தாம் மீண்டும் படிக்க வேண்டிய இடம். பரீட்சைக்கு முந்திய இரவில் போதிய அளவு உறங்கலாம்.

இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. தனி ஆசிரியரும் வேண்டா. ஆகவே, பிள்ளையின் ஒரு பட்டத்தையே நம்பியிருக்கும் எளிய குடும்பத்துக்கு இவை பெரிதும் உதவும். தோல்வியுற்ற மாணவர் தம் அறிவைப் பழிக்குமுன், தாம் படித்த முறையைச் சோதித்துப் பார்ப்பாராக. நன்னூல் கூறிய அந்த அரைப்பங்கை அவர் இன்னும் பெறாமல் இருக்கலாம்.