கட்டடத் தடைநீக்கம்

கட்டி முடித்துப் புழங்கிவரும் ஒரு கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகள் பிறர் துணையின்றி நுழையவும், நடமாடவும், வந்த வேலையை முடித்து வெளியேறவும் இடையூறாக நிற்கும் அமைப்புகளை அகற்றுவது அல்லது மாற்றுவது கட்டடத் தடைநீக்கம் ஆகும். வாசற்படி, குறுகிய கதவு, உயரமான கவுன்ட்டர், லிஃப்ட் இல்லாத மாடி, அழைப்பை ஒலியாக மட்டும் தரும் காத்திருப்புக் கூடம் போன்றவை இத்தடைகளுள் அடங்கும். புதிய கட்டடத்தில் இவற்றை வரைபடத்திலேயே தவிர்த்துவிடலாம். பழைய கட்டடத்தில் தூணும் உத்தரமும் அண்டைச் சுவரும் முன்பே இடம்பிடித்து நிற்பதால் ஒவ்வோர் அங்குலத்தையும் தேடி எடுக்க வேண்டும்.

இதற்கான முதல் அளவுத் தரம் 1961-இல் அமெரிக்காவில் வெளியானது. இலினாய் பல்கலைக்கழகத்தில் திமதி நியூஜென்ட் நடத்திய ஆய்வுகள் அதற்கு அடிப்படையாயின. அந்நாட்டின் 1968-ஆம் ஆண்டுக் கட்டடத் தடைகள் சட்டம் கூட்டரசின் பணம் சேர்ந்த கட்டடங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. கடை, உணவகம், திரையரங்கு போன்ற தனியார் இடங்களை 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உள்ளே கொண்டுவந்தது. பெரிய சிரமமோ செலவோ இன்றிச் செய்யக்கூடிய தடைநீக்கத்தைப் பழைய கட்டடங்களிலும் செய்தாக வேண்டும் என்பது அதன் விதி. நிறுவனத்தின் வசதியைப் பொறுத்து இந்த அளவுகோல் மாறும். முதலில் நுழைவாயில், அடுத்துப் பொருளோ சேவையோ கிடைக்கும் இடம், பிறகு கழிப்பறை, கடைசியாக மற்றவை என வேலைக்கு ஒரு வரிசையையும் அச்சட்டத்தின் விதிமுறைகள் பரிந்துரைக்கின்றன. இத்தாலியின் 1989-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கருதியது. குடியிருப்போர் கூட்டம் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்காவிட்டாலோ மறுத்தாலோ, மாற்றுத்திறனாளியே தம் செலவில் படிக்கட்டு நாற்காலித்தூக்கி போன்றவற்றைப் பொருத்திக்கொள்ள அது இடம் தருகிறது.

நடைமுறையில் பெரும்பாலான சிக்கல்கள் வாசலில் தொடங்குகின்றன. சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 150 மில்லிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளைக் கடக்க 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மழைநீர் புகாதிருக்கத் தரைமட்டத்தை 900 மில்லிமீட்டர் உயர்த்திக் கட்டிய அலுவலகமானால் 10.8 மீட்டர் ஆகும். இடையில் இளைப்பாறும் சமதளம், திருப்பத்தில் 1.5 மீட்டர் இடம், இருபுறமும் கைப்பிடிக் கம்பி ஆகியவை இதற்கு மேல். தெருவை ஒட்டிய கட்டடத்தில் இவ்வளவு நீளம் கிடைக்காது. அங்கே சாய்தளத்தை மடக்கிக் கட்டலாம், பக்கவாட்டு வாசலுக்கு மாற்றலாம், அல்லது செங்குத்து மேடைத்தூக்கி வைக்கலாம். இவை எதுவும் செய்யாமல், இருசக்கர வாகனம் ஏற்றுவதற்குச் சிமென்ட் பூசிய செங்குத்துச் சரிவையே சாய்தளமாகக் கணக்குக் காட்டும் வழக்கம் இந்தியாவில் உண்டு. சக்கர நாற்காலி அதில் பின்புறமாகக் கவிழும். வழவழப்பான கிரானைட் பதித்த சரிவு மழைக்காலத்தில் ஊன்றுகோல் ஊன்றுபவரை வழுக்கி விழவைக்கும். ஒழுங்காகக் கட்டிய சாய்தளம்கூடப் பூட்டிய கிரில் கதவில் போய் முடிந்தால் பயனில்லை.

கதவைத் திறந்தபின் கிடைக்கும் வெற்று அகலம் 900 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நிலை, கீல், கதவின் கனம் போக எஞ்சும் அகலமே இதில் கணக்கு. இரண்டரை அடிக் கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைவது கடினம். கான்கிரீட் தூண்கள் தாங்கும் கட்டடத்தில் இடைச்சுவரை உடைத்து வாசலை அகலப்படுத்துவது எளிது. சுவரே பாரம் தாங்கும் பழைய செங்கல் கட்டடத்தில் முதலில் முட்டுக் கொடுத்து, மேலே புதிய லிண்டல் வைக்க வேண்டும். உருண்டைக் குமிழுக்குப் பதில் நெம்புகோல் வடிவக் கைப்பிடி பொருத்துவது மிக மலிவான மாற்றம். விரல்களில் வலுவில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி.

கழிப்பறையில் அடுத்தடுத்துள்ள இரண்டு அறைகளின் நடுச்சுவரை எடுத்து ஒன்றாக்குவது வழக்கமான தீர்வு. பீங்கானின் ஒரு பக்கம் சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்த இடமும், பிடித்து எழச் சுவர்க்கம்பியும் தேவை. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும். தண்ணீர் வெளியே வராதிருக்க வைத்த திண்டை எடுத்துவிட்டுத் தரைக்குச் சரிவு கொடுத்து வடிகால் அமைக்கலாம். இத்தனைக்கும் பிறகு, துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாக அது மாறிவிடுவது பராமரிப்பின் குறை.

மாடிக்கு லிஃப்ட் அமைக்க வழியில்லாதபோது சேவையையே தரைத்தளத்துக்கு இறக்குவது ஏற்கத்தக்க மாற்று. கவுன்ட்டரையும் விசாரணை அறையையும் கீழே மாற்றச் சுவர் இடிக்க வேண்டியதில்லை.

தடை என்றாலே சக்கர நாற்காலியை மட்டும் நினைப்பது தவறு. பார்வையற்றவர் காலாலும் கோலாலும் உணரும் தடவுணர் ஓடுகளை ஜப்பானியர் செய்இச்சி மியாக்கே உருவாக்கினார். 1967-இல் ஒக்கயாமா நகரில் அவை முதலில் பதிக்கப்பட்டன. நீள்கோடு போகும் வழியையும், புள்ளி நிற்க வேண்டிய இடத்தையும் காட்டும். இதை அறியாமல் அலங்காரமாகப் பதிப்பதும், தூணில் முட்டும்படி வழிநடத்துவதும் ஆபத்தானவை. படிவிளிம்பில் மாறுபட்ட நிறப்பட்டை, லிஃப்டில் பிரெய்ல் பொத்தானும் குரல் அறிவிப்பும், செவித்திறன் குறைந்தோருக்கு ஒளிரும் தீ எச்சரிக்கை ஆகியவையும் தடைநீக்கத்தின் பகுதிகளே.

தொல்லியல் சின்னங்களில் கல்லைத் தொடாமல் கழற்றத்தக்க அமைப்புகளே விரும்பப்படுகின்றன. 2001-இல் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தபோது குதுப் மினார் உள்ளிட்ட இடங்களில் தற்காலிக மரச்சாய்தளங்கள் போடப்பட்டன.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழைய பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்கச் சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022-இல் முடிந்தும் வேலை முடியவில்லை. அளவுத் தரங்கள் வெறும் பரிந்துரையாக எழுதப்பட்டிருந்தது இதற்கு ஒரு காரணம். சட்டம் கட்டாயமாக்கியதை விதி விருப்பமாக்க முடியாது என்று கூறி, ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அத்தரங்களைக் குறிக்கும் 15(1)-ஆம் விதியைச் செல்லாததாக்கியது. கட்டாயத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு அது உத்தரவிட்டது.