கிழங்கில் பிறந்த மாத்திரை

ஆடி பிறந்துவிட்டால் மருந்துக்கடைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்ற பெண் மெல்லக் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, தள்ளிப்போறதுக்கு மாத்திரை..." என்பார். கடைக்காரர் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டு, அட்டையைக் கத்தரித்து, காகிதத்தில் சுற்றித் தருவார். கூழ் ஊற்றும் நாளிலோ அக்கா மகள் கல்யாணத்திலோ 'தூரம்' வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் கவலை.

அந்த மாத்திரையின் பெயர் நாரெதிஸ்டிரோன். அது வந்தது மெக்சிகோ காட்டுக் கிழங்கின் வழியாக.

சினைப்பையில் முட்டை வெடித்து வெளியேறியதும், அது இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு திரட்சி உண்டாகிறது. அது சுரப்பதுதான் புரோஜெஸ்டிரோன். ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு சுரப்பு தடிக்க வைத்த கருப்பையின் உட்சுவரைக் கலையாமல் பிடித்து வைப்பது இதன் வேலை. கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் அந்தத் திரட்சி வாடும், சுரப்பு வற்றும், சுவர் சரியும். அதுவே மாதவிடாய். வயதுக்கு வந்த புதிதிலும், மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும், சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் சில மாதங்களில் முட்டையே வெளியேறாது. அப்போது சுவரைப் பிடித்து வைக்க ஆளில்லை. அது தடித்துக்கொண்டே போய் ஒருநாள் கண்டபடி உதிரும். "ரெண்டு மாசம் வராது, வந்தா நிக்காது" என்று பெண்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இல்லாத சுரப்பை வெளியிலிருந்து கொடுத்தால் சரியாகிவிடுமே! ஆனால் எங்கிருந்து எடுப்பது? 1934இல் ஜெர்மனியில் புட்டெனாண்ட் என்ற வேதியியலாளர் சில மில்லிகிராம் புரோஜெஸ்டிரோனுக்காக 50,000 பன்றிகளின் சினைப்பைகளை அரைத்தார். 1940களின் தொடக்கத்தில் ஒரு கிராம் சுமார் 80 டாலர். ஏழைப் பெண்ணுக்கு எட்டாக்கனி.

இங்கேதான் ரஸ்ஸல் மார்க்கர் வருகிறார். முரட்டு அமெரிக்க வேதியியலாளர். தேவையில்லை என்று நினைத்த பாடத்தைப் படிக்கச் சொன்னார்கள் என்று டாக்டர் பட்டத்தையே உதறிவிட்டுப் போனவர். நம்மூர் வள்ளிக்கிழங்கின் சொந்தக்கார இனம் ஒன்றில் இருக்கும் டயோஸ்ஜெனின் என்ற பொருளைச் சில படிகளில் புரோஜெஸ்டிரோனாக மாற்றலாம் என்று கண்டுபிடித்தார். தாவரவியல் நூல் ஒன்றில் பார்த்த ராட்சதக் கிழங்கைத் தேடி மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்துக்கே போனார். இரண்டு கிழங்குகளைப் பேருந்தின் மேல் ஏற்றிக் கொண்டுவந்தால், இறங்கும்போது மூட்டைகளைக் காணோம். போலீஸ்காரர் ஒருவருக்குப் பணம் கொடுத்து ஒன்றை மட்டும் மீட்டாராம். இன்னொன்றுக்குக் கையில் காசில்லையாம். அவரே பின்னாளில் சொன்ன கதை.

அவருக்கு ஆதரவு தந்துவந்த பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனம் மெக்சிகோ திட்டத்துக்குக் கைவிரித்தது. மார்க்கர் விடவில்லை. சுமார் 10 டன் கிழங்கிலிருந்து ஏறத்தாழ 3 கிலோ புரோஜெஸ்டிரோன் எடுத்தார். பொன்னைவிட விலை உயர்ந்த அந்தப் பொடியை ஜாடிகளில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மெக்சிகோ நகரத்து நிறுவனம் ஒன்றின் கதவைத் தட்டினார் என்பார்கள். அந்தக் கூட்டில் 1944இல் சின்டெக்ஸ் நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே கூட்டாளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு மனிதர் வெளியேறிவிட்டார்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. புரோஜெஸ்டிரோனை விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும்; ஊசிதான் போட வேண்டும். சின்டெக்சில் ஜெராசி, ரோசன்கிரான்ஸ் என்ற வேதியியலாளர்கள் இருவரின் வழிகாட்டலில், லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற 26 வயது மெக்சிகோ இளைஞர் 1951 அக்டோபர் 15 அன்று அதே போன்ற வேறொரு பொருளைச் செய்து முடித்தார். ஓரிடத்தில் ஒரு கார்பனைக் கழற்றி, வேறிடத்தில் இரண்டை ஒட்டிய வேலை. வாயால் விழுங்கினாலும் வீரியம் குறையாத நாரெதிஸ்டிரோன் அப்படித்தான் வந்தது. 1957இல் அமெரிக்காவில் மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? அன்று கைவிரித்த அதே பார்க்-டேவிஸ்! கருத்தடைக்கு அது பயன்பட்டது அதற்குப் பிறகுதான்.

ஆக, உதிரம் நிற்காமல் சோகை பிடித்துப்போகும் பெண்ணுக்காகப் பிறந்த மாத்திரை இது. அவளோ "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். நாள் தள்ளிப்போடும் பக்திக்கு நான் குறுக்கே வரவில்லை. ஆனால் கடைக்காரர் கேட்காத கேள்விகளை ஒரு மருத்துவர் கேட்டாக வேண்டும்: காலில் ரத்தம் கட்டியதுண்டா, கல்லீரல் நோய் உண்டா, மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா, காரணம் தெரியாத உதிரப்போக்கு உண்டா?

வழக்கமாக, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கச் சொல்வார்கள். சாப்பிடும்வரை சுவர் நிற்கும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் சரியும். தள்ளிப்போடச் சாப்பிடும் இந்த முறை கருத்தடை ஆகாது. எனவே நிறுத்திப் பத்து நாளாகியும் வராவிட்டால் இன்னொரு அட்டை வாங்கப் போகாதீர்கள். முதலில் கர்ப்பமா என்று பாருங்கள்.