புழுவெட்டும் பறங்கிப்புண்ணும்

ஒரு நோய்க்குப் பேர் வைக்கும்போதே பழி யார்மேல் என்பதும் முடிவாகிவிடுகிறது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் பரவிய நோயை இத்தாலியர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். 1530இல் பிரகாஸ்தோரோ எழுதிய லத்தீன் கவிதையில் வரும் இடையனின் பேரிலிருந்து 'சிபிலிஸ்' பிறந்தது. நாம் வைத்த பேர் பறங்கிப்புண். வந்தவன் தலையில் கட்டியாயிற்று.

பறங்கி கையில் அதிகாரம் வந்ததும் பழி திரும்பியது. 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழிலிலிருந்த பெண்களைப் பதிவேட்டில் ஏற்றியது. கட்டாய உடற்சோதனைக்கு இழுத்தது. நோய் கண்டால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைத்தது. அவர்களிடம் போன சிப்பாய்க்கு அப்படியொரு பதிவேடு கிடையாது. 1888இல் சட்டம் போனது. பார்வை போகவில்லை.

அந்தப் பார்வை இன்றும் மேய்கிற இடங்களில் ஒன்று தலைமுடி. எங்கள் கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டால் அது பக்தி. அதே தலையில் முடி திட்டுத்திட்டாய்க் கொட்டினால் 'எங்க போயி வாங்கிட்டு வந்தான்'னு ஒரு பேச்சு. பெண்ணாயிருந்தால் பேச்சு இன்னும் நீளும்.

உண்மை என்ன? புழுவெட்டில் புழுவும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது அது. வழவழப்பான வட்டமாகத் தெரியும். சிபிலிஸின் இரண்டாம் கட்டத்திலும் சிலருக்கு முடி கொட்டும். பூச்சி அரித்த துணி மாதிரி சின்னச்சின்னத் திட்டுகள், சிலசமயம் புருவத்திலும். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு, நெறிகட்டு, காய்ச்சல் கூடவே வரலாம், வராமலும் போகலாம். ஆக, கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஷாடினும் ஹோஃப்மனும் 1905இல் கிருமியைக் கண்டார்கள். 1906இல் வாஸர்மன் ரத்தச் சோதனை வந்தது. இன்று வி.டி.ஆர்.எல். சோதனை, அதை உறுதிசெய்ய இன்னொன்று. நோய்தான் என்றால் பெனிசிலின் ஊசி. முடி சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மருந்தில்லாமலும் இந்தத் தடயங்கள் தாமாகவே மறையும். பேச்சுக்குப் பயந்து மொட்டையடித்து மறைத்தவர் முடி வளர்ந்ததும் தப்பித்தோம் என்று நினைப்பார். கிருமி உள்ளேயே கிடக்கும். பல வருடம் கழித்து இதயத்தையும் மூளையையும் தின்னும். கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்கும் போகும்.

ஊர்ப்பேச்சு ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. அது காப்பது கிருமியைத்தான்.