உடைந்த பொருள் சாட்சி சொல்லுமா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெல்போர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் என் மகள் ட்ரோன் ஓட்டிக்கொண்டிருந்தாள். வயசு பத்து. ட்ரோன் கால் கிலோவுக்கும் குறைவு, மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். வாங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. மைதானத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை, காற்றும் இல்லை. பத்து மீட்டர் உயரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த அது, திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழன்று, கிரிக்கெட் பிட்ச் மேலேயே வந்து விழுந்தது. ஒரு கை முறிந்துவிட்டது. கேமரா பிய்ந்து ஒரு ஒயரில் தொங்கியது.

"என்னம்மா பண்ணின?"

நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டிருக்கக் கூடாது.

"நான் ஒண்ணுமே பண்ணலப்பா."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மாவும் நம்பவில்லை. பத்து வயசுப் பிள்ளை கையில் ரிமோட், கீழே உடைந்த ட்ரோன். வேறென்ன நடந்திருக்கும்?

விற்றவர்களுக்கு எழுதினேன். ஆப்பில் உள்ள பறப்புப் பதிவை அனுப்புங்கள், பொருளையும் அனுப்புங்கள், பரிசோதித்துச் சொல்கிறோம், ஓட்டியவர் தவறு என்றால் வாரண்டி பொருந்தாது என்று பதில் வந்தது. ஆப்பில் ஒரு பொத்தானை அமுக்கினால் பதிவு தானாகப் போய்விடுகிறது. அமுக்கினேன். திறந்து பார்க்கத் தோன்றவில்லை. ட்ரோனையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்த பதினாறு நாளில் இந்த வாரண்டி என்கிற சமாச்சாரம் எங்கிருந்து வந்தது என்று துருவ ஆரம்பித்தேன். துருவத் துருவ ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: பொருள் உடைந்த பிறகு, உடைவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பதை யார் நிரூபிப்பது?

ஆங்கிலேயச் சட்டத்தில் இந்தக் கதையைப் பெரும்பாலும் ஒரு கல்லிலிருந்து தொடங்குவார்கள். பெசோர் கல். ஆடு போன்ற விலங்குகளின் வயிற்றில் உருவாவது. விஷத்தை முறிக்கும் என்று அன்றைய ஐரோப்பாவில் நம்பினார்கள். நம்மூர் நாட்டு மருந்துக் கடைக் கோரோசனைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உருவாவது, அவ்வளவுதான் வித்தியாசம். சாண்டலர் என்ற பொற்கொல்லர் ஒரு கல்லை பெசோர் கல் என்று சொல்லி லோபஸ் என்பவரிடம் 100 பவுண்டுக்கு விற்றார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. கல் போலி. லோபஸ் வழக்குப் போட்டார்.

1603ல் தீர்ப்பு. லோபஸ் தோற்றார். விற்றவர் 'இது பெசோர் கல்' என்று சொன்னாரே தவிர, 'பெசோர் கல்தான் என்று உறுதி தருகிறேன்' என்று சொல்லவில்லையாம். வெறுமனே சொல்வது வியாபாரப் பேச்சு. உறுதி தந்தால்தான் வாரண்டி. சந்தேகம் இருந்தால் வாங்குகிறவர் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வாங்குபவனே ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கைக்கு இந்த வழக்கைத்தான் ரொம்பக் காலம் உதாரணம் காட்டினார்கள்.

உலகம் எப்போதுமே இப்படி இருக்கவில்லை. இதற்குப் பல நூற்றாண்டு முன்பே ரோமாபுரியில் சந்தையை மேற்பார்வை பார்த்த அதிகாரிகள், மாடு குதிரை விற்பவர்களும் அடிமைகளை விற்பவர்களும் குறைகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று கட்டளை வைத்திருந்தார்கள். மனிதர்களையும் மாட்டோடு சேர்த்து விற்ற சந்தை அது, அதை மறந்துவிட வேண்டாம். சொல்லாமல் விட்ட குறை தெரியவந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதாவது, பொருளைப் பற்றி அதிகம் தெரிந்தவன் விற்பவன், ஆகவே பொறுப்பும் அவனுக்கே என்ற யோசனை ரொம்பப் பழசு. இங்கிலாந்து அந்த இடத்துக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. 1893ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டத்தில், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சில உறுதிகள் விற்பனையிலேயே அடங்கியிருக்கின்றன என்பது எழுத்தில் இடம்பெற்றது. இந்தியாவின் 1930ஆம் வருடச் சட்டம் அதன் வழியில் வந்ததுதான்.

சரி, சட்டம் வந்துவிட்டது. ஆனால் பொருள் நொறுங்கிப்போனால்?

இதற்கு நான் படித்ததிலேயே நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 1955 மே மாதம், நியூ ஜெர்சியில் கிளாஸ் ஹென்னிங்சன் என்பவர் அன்னையர் தினப் பரிசாகத் தன் மனைவி ஹெலனுக்கு ஒரு புது பிளிமத் கார் வாங்கிக் கொடுத்தார். மே 19 அன்று ஹெலன் ஓட்டிப் போகிறார். வேகம் மணிக்கு 20 மைல் சொச்சம். முன்பக்கம் ஏதோ முறிந்த மாதிரி சத்தம். ஸ்டியரிங் கையில் தானாகச் சுழன்றது. கார் வலது பக்கம் திரும்பி ஒரு செங்கல் சுவரில் மோதியது. கார் அதுவரை ஓடியது வெறும் 468 மைல்.

இப்போது பாருங்கள். முன்பக்கம் நசுங்கிய நசுங்கலில், ஸ்டியரிங் பாகங்களில் விபத்துக்கு முன்பே பழுது இருந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. முக்கியமான சாட்சி ஹெலன். அவர் சொல்வது "நான் ஒண்ணும் பண்ணல, அதுவா திரும்பிடுச்சு" என்பதுதான். மைதானத்தில் நான் கேட்ட அதே வாக்கியம்.

வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கம், பொடி எழுத்தில் ஒரு வாரண்டி இருந்தது. 90 நாள் அல்லது 4,000 மைல், எது முந்தியோ அதுவரை. பழுதான பாகத்தைச் சொந்தச் செலவில் தொழிற்சாலைக்கு அனுப்பினால் மாற்றித் தருவார்கள். மற்றபடி எந்தப் பொறுப்பும் கிடையாது. வேறு கம்பெனி காருக்குப் போயிருக்கலாமே என்றும் சொல்ல முடியாது. வாகன உற்பத்தியாளர் சங்கத்தில் இருந்த கம்பெனிகளெல்லாம் ஒரே வாரண்டி வாசகத்தைத்தான் அச்சடித்திருந்தன.

1960ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஹென்னிங்சன் தம்பதிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பேரம் பேச வழியே இல்லாத ஒருவரிடம் பொடி எழுத்தில் வாங்கிய கையெழுத்தை வைத்து, கார் ஒழுங்காக ஓட வேண்டும் என்கிற அடிப்படைப் பொறுப்பிலிருந்து கம்பெனி நழுவ முடியாது என்றது. எந்தப் பாகம் உடைந்தது என்று காட்ட முடியாவிட்டாலும் சரி, ஒழுங்காக ஓட்டியபோது புத்தம் புதுக் கார் தானாகத் திரும்பியது என்ற சாட்சியத்தை வைத்தே ஜூரி முடிவுக்கு வந்தது சரிதான் என்றும் ஏற்றுக்கொண்டது. கார் பேசவில்லை, ஆகவே ஹெலனின் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தார்கள்.

பேசாத பொருளைப் பேச வைக்க முடியுமா என்று அதே 1950களில் வேறொருவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த இடம் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான்: மெல்போர்ன் துறைமுகத்தை ஒட்டிய ஃபிஷர்மன்ஸ் பெண்ட். அங்கே இருந்த விமான ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் வாரன் எரிபொருள் வேதியியலாளர். அவருடைய அப்பா 1934ல், மிஸ் ஹோபார்ட் என்ற விமானம் பாஸ் நீரிணைப்புக்கு மேலே காணாமல் போனபோது இறந்தவர். வாரனுக்கு அப்போது ஒன்பது வயது. என்ன நடந்தது என்பதைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

1953, 54ல் காமெட் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து நடுவானில் சிதறின. முதலாவது கல்கத்தா பக்கம். காரணம் தேடும் பேச்சுவார்த்தைகளில் இருந்த வாரனுக்கு, ஒரு கண்காட்சியில் பார்த்த பாக்கெட் ஒலிப்பதிவுக் கருவி நினைவுக்கு வந்தது. அப்படி ஒன்று விமானியின் அறையில் ஓடிக்கொண்டிருந்தால்? கடைசி நான்கு மணி நேரப் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் எஃகுக் கம்பியில் பதியும் ஒரு மாதிரியை அவர் செய்து காட்டினார். இன்று கறுப்புப் பெட்டி என்கிறோமே, அதன் மூதாதை. உள்ளூரில் வரவேற்பு இல்லை. விமானிகள் சங்கம் எதிர்த்தது, இது வேவு பார்க்கும் பெட்டி என்று. 1958ல் பிரிட்டிஷ்காரர்கள் ஆர்வம் காட்டிய பிறகுதான் நகர்ந்தது. 1960ல் குயின்ஸ்லாந்தின் மக்காய் அருகே ஒரு பயணிகள் விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள். அதன் விசாரணைக்குப் பிறகு ஆஸ்திரேலியா விமானங்களில் ஒலிப்பதிவைக் கட்டாயமாக்கியது.

விமானிகளின் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். நம்மை விடுவிக்கிற அதே பதிவு நம்மை மாட்டியும் விடலாம்.

இந்தப் பதிவுப் பெட்டி பொம்மைக்குள்ளேயே வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. 2010ல் பிரெஞ்சு நிறுவனமான பாரட், போனை வைத்து ஓட்டும் ஏஆர் ட்ரோனைக் காட்டியது. 2013 ஜனவரியில் சீனாவின் டிஜேஐ, ஃபேண்டம் என்ற வெள்ளை ட்ரோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டியைப் பிரித்த கையோடு பறக்கவிடலாம். பறக்கத் தெரியாதவர்களும் வாங்கினார்கள், விழுந்தது. ஓட்டினவன் தப்பு என்று கடைக்காரர், மெஷின் தப்பு என்று வாங்கினவர். இன்றைய சின்ன ட்ரோன்கூட உயரம், இடம், பேட்டரி, மோட்டார், நம் விரல் குச்சியை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியது என்பதுவரை ஓயாமல் எழுதிக்கொண்டே பறக்கிறது.

2016ல் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, கோப்ரோ நிறுவனத்தின் கர்மா ட்ரோன். அக்டோபரில் கடைக்கு வந்தது, நவம்பர் 8 அன்று சுமார் 2,500 ட்ரோன்களையும் திரும்பப் பெற்றார்கள். பறக்கும்போதே மின்சாரம் அற்று விழுந்தது. பேட்டரியைப் பிடித்துவைக்கும் கொக்கியில் கோளாறு. யோசித்துப் பாருங்கள், தன் கர்மா விழுந்ததைப் பார்த்த ஒவ்வொருவரும் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். விழுந்த ஒன்றைப் பார்த்தால் கைத்தவறு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கொக்கி. ஆனால் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இருப்பவர் தயாரிப்பாளர் மட்டுமே.

இரண்டாவது, அதே வருஷம் டிஜேஐ கொண்டுவந்த பாதுகாப்புத் திட்டம். முன்பணம் கட்டிவிட்டால், தப்பு உங்களுடையதாக இருந்தாலும் குறைந்த கட்டணத்தில் வேறு ட்ரோன். வசதிதான். ஆனால் யார் தப்பு என்ற கேள்வியையே விலைக்கு வாங்கி மூடிவிடுகிற வசதி அது.

வாரனைப் பற்றிப் படித்த இரவுதான் எனக்கு உறைத்தது. பதிவின் நகல் என் போனிலேயே இருந்தது. திறந்தேன். திரையில் அந்த மைதானம், அந்தச் சின்ன அம்புக்குறி, கீழே இரண்டு குச்சிகளின் நிலை. ட்ரோன் சாயும் நொடியில் இரண்டு குச்சியும் நட்ட நடுவில். அவள் ஒன்றுமே பண்ணவில்லை. சாய்ந்த பிறகு வலது குச்சி எதிர்ப்பக்கம் முழுசாகப் போகிறது. காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

பன்னிரண்டு நாளாக அந்தச் சாட்சி என் சட்டைப் பையில் இருந்தது. நான் பிள்ளையை விசாரித்தேன், பதிவை விசாரிக்கவில்லை.

பதினாறாம் நாள் கம்பெனியின் பதில்: மோட்டார் ஒன்றில் கோளாறு, வாரண்டியில் மாற்றித் தருகிறோம். இரண்டே வரி. என்ன கோளாறு, இன்னும் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். மாற்றுப் பொருள் அனுப்பிவிட்டோம் என்றார்கள். மோட்டாரின் உள்பதிவு பூட்டப்பட்டது, அவர்களால் மட்டுமே படிக்க முடியும். என் மகளை விடுவித்த பக்கம் எனக்குத் திறந்திருந்தது. பொருளின் பழுதைச் சொன்ன பக்கம் திறக்கவில்லை. விலக்க முடியாத உறுதிகள் உங்களுக்கு உண்டு என்று இந்த நாட்டு வாரண்டி அட்டைகளிலேயே அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் சாட்சியின் நாக்கு விற்றவர் கையில் இருக்கும்போது, ஹெலனைவிட நாம் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று தெரியவில்லை. அவர் வழக்கில் கார் யாருக்குமே பேசவில்லை. இங்கே ட்ரோன் ஒருவரிடம் மட்டும் பேசுகிறது.

புது ட்ரோன் வந்த அன்று மகளிடம் பதிவைப் போட்டுக் காட்டி, சாரி கேட்டேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். அன்று முழுக்க ரிமோட்டை என்னிடம் தரவில்லை.