ஊர் ‘ஓர்’ ஆன கதை

ஆங்கிலேயர் காவிரிக் கரையை ஆண்ட காலத்தில் நம் ஊர்ப்பெயர்கள் உருமாறின. தஞ்சாவூர் ‘டேஞ்சோர்’ ஆயிற்று. நாகூர் ‘நாகோர்’ ஆயிற்று. கும்பகோணத்தின் ணகரம் னகரமாய்த் தேய்ந்தது. இதனை ஆள்வோரின் ஆணவம் என்பார் உளர். ஆணவமும் இருந்திருக்கலாம், எனினும் ஆழ்ந்த காரணம் அவர்தம் மொழியின் ஒலியமைப்பிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஏறத்தாழ 44 ஒலிகள் உள்ளன. எழுத்துகளோ 26 மட்டுமே. நாவின் நுனி மேற்பல்லைத் தொட நம் தகரம் பிறக்கும். நா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட டகரம் பிறக்கும். ஆங்கிலேயரின் ‘டி’ இவ்விரண்டிற்கும் இடையே, பல்லின் பின்புற மேட்டில் பிறப்பது. ஆதலின் அவர் செவிக்குத் தகரமும் டகரமும் ஒன்றே. ண, ள, ழ மூன்றுக்கும் அம்மொழியில் இடமே இல்லை. மேலும், ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை அழுத்தம் பெற, ஏனையவை மெலிந்து மங்கும். தமிழிலோ உயிர்கள் பெரும்பாலும் தம் அளவு குன்றாது ஒலிக்கும். மூன்றசைத் தஞ்சாவூர் ஈரசையாகச் சுருங்கியதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

1799இல் இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். 1855இல் அரசே மறைந்தது. அதன்பின் ஊர்களுடன் மனிதர்களின் பெயர்களும் ஆங்கிலப் பதிவேடுகளில் புகுந்தன. நம் கடற்கரையிலோ நாவுகள் பல. தரங்கம்பாடியில் 1845 வரை டேனியர். நாகப்பட்டினத்தில் 1781 வரை டச்சுக்காரர். காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சுக்காரர். மரைக்காயர் என்ற பெயர் ‘மரிக்கார்’ என்றும் பிறவாறும் எழுதப்பட்டது இச்சூழலில்தான். தந்தையின் பத்திரத்தில் ஒருவிதம், மகனின் கடவுச்சீட்டில் வேறுவிதம் எனப் பெயர் பிரிந்து, உறவை மெய்ப்பிக்க அலுவலகந்தோறும் அலைவோர் இன்றும் நம்மிடையே உண்டு.

இதே இடர்ப்பாட்டை நம் முன்னோரும் எதிர்கொண்டனர். அரபியில் பகரம் இல்லை. டகரம், ளகரம், ழகரம் இல்லை. ஆயினும் அரபு எழுத்தில் தமிழை எழுதப் புகுந்த ஆலிம்கள் தமிழொலியைக் குறைத்து எழுத்துக்குள் அடைக்கவில்லை. அரபு எழுத்துகளுக்கே புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளைப் படைத்துக்கொண்டனர். அதுவே அரபுத்தமிழ். எழுத்துகளின் பிறப்பிடத்தை மக்ரஜ் எனக் கற்று ஓதிய நாவும், தொல்காப்பியப் பிறப்பியலின் வழிவந்த மொழியும் அங்கே கைகோத்தன. ஒலியின் பிறப்பை அறிந்தவர், பிறிதோர் ஒலியையும் மதிக்க அறிவர் என்பதற்கு இதனினும் நற்சான்று வேண்டுமோ?

2020இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிப்புக்கு இயையத் திருத்தி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர் முதலியவற்றுக்குத் தரப்பட்ட வடிவங்கள் பெரும் வாதத்தைக் கிளப்பவே, சில நாட்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. வியப்பில்லை. 26 எழுத்துகளுக்குள் ழகரத்தைத் தேடினால் எங்ஙனம் கிட்டும்? இன்று நாம் ‘டி’யுடன் ‘எச்’ சேர்த்துத் தஞ்சாவூர் என எழுதினும், அதனை ஆங்கிலேயர் தம் நாவுக்குரிய வேறோர் ஒலியாகவே படிப்பர்.

ஆதலின் ஆங்கில எழுத்தில் ஏதேனும் ஒரு வடிவை ஏற்று, குடும்பம் முழுதும் மாறாது கையாள்வோம், அது வசதிக்கு. பெயரின் மெய்யான ஒலியையோ தமிழிலும், அரபுப் பெயராயின் அரபியிலும் எழுதி, பிள்ளைகளின் நாவில் பதிப்போம், அது மரபுக்கு. ஏட்டில் தேய்ந்த பெயர் நாவிலாவது நிலைக்கட்டும்.